நம்ம நிறத்துக்கு மார்க்கெட் இல்லையாம்!

(மூன்றாம் ஆண்டு, வேதியியல் தொழில்நுட்பப் பிரிவு)



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். "பொண்ணு நல்ல நிறம்" என்று ஒருவர் சொன்னால் உங்கள் மனக்கண்ணில் என்ன நிறம் தெரிகிறது? "பையன் கலரா இருப்பான்" என்றால்? இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். வெளுத்த தோல்! அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'சிவப்பு'. கறுப்பாக இருந்தால் மட்டும், "நிறம் கொஞ்சம் கம்மி" என்று இழுப்போம்.

வேதியியல் படிக்கிறவன் என்ற முறையில் இதில் ஒரு பிழை இருப்பதைச் சொல்லியாக வேண்டும். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அது கூடுதலாக இருப்பதால்தான் தோல் கறுப்பாகத் தெரிகிறது. கணக்குப் பார்த்தால், நிறம் கம்மி என்று சொல்ல வேண்டியது வெளுத்தவரைத்தான்!

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் மலர்க் குழுவிடம் சண்டை போட்டு இத்தனை பக்கம் வாங்கியிருக்க மாட்டேன். இந்தக் 'கம்மி' என்ற வார்த்தை பெண் பார்க்கும் கூடத்தோடு நிற்பதில்லை. எந்தப் பொருளைத் தயாரிப்பது, யாருக்காகத் தயாரிப்பது, யாரை விட்டுவிடுவது என்பதைத் தொழிற்சாலைக்குள்ளும் அது தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தை மாற்றிக் காட்டிய ஒரு பெண்மணியைப் பற்றித்தான் எழுத வந்தேன். பத்திரிகை நடத்தி, பிறகு அழகுசாதனத் தொழிலில் இறங்கியவர். பெயர் யூனிஸ் ஜான்சன். ஊர், அமெரிக்காவின் சிகாகோ.

கருங்காலி என்று ஒரு பத்திரிகை

யூனிஸ் 1916-ல் அலபாமா மாநிலத்தில் செல்மா என்ற ஊரில் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா டாக்டர், அம்மா ஆசிரியை. கஷ்டப்பட்ட குடும்பம் இல்லை. ஆனால் அந்தக் காலத்து அலபாமாவில் டாக்டர் மகளாக இருந்தாலும் வெள்ளைக்காரர் உட்காரும் இடத்தில் உட்கார முடியாது. டலடேகா கல்லூரியில் சமூகவியல் படித்தார். பிறகு சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம். 1941-ல் ஜான் ஜான்சன் என்ற இளைஞரை மணந்துகொண்டார்.

அடுத்த வருஷமே ஜான் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். முதலுக்குப் பணம்? தாயார் வீட்டு மேஜை நாற்காலியை ஈடு வைத்து வாங்கிய 500 டாலர் கடன்! 1945 நவம்பரில் இன்னொரு பத்திரிகை வந்தது. அதற்கு 'எபனி' என்று பெயர் சொன்னவர் யூனிஸ். எபனி என்றால் நம்ம கருங்காலி மரம். நம் பேரவையில் கருங்காலி என்றால் ஸ்டிரைக் அன்றைக்கு நைசாக கிளாசுக்குப் போகிறவன்! அந்த அர்த்தம் இல்லை. நன்றாகக் கறுத்து, உறுதியாக, இழைத்தால் பளபளவென்று வரும் மரம். தன் ஜனங்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. முதல் இதழ் 25,000 பிரதிகள். அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

யூனிஸ் அந்த நிறுவனத்தில் செயலாளர்-பொருளாளர். பெயருக்குப் பதவி வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தவர் அல்ல. 1956-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட ஆடை அலங்கார நிகழ்ச்சி ஒன்று நடத்தித் தரும்படி ஜான்சன் தம்பதியைக் கேட்டார்கள். அந்த விதையிலிருந்து 1958-ல் 'எபனி பேஷன் ஃபேர்' என்ற ஊர் ஊராகச் செல்லும் நிகழ்ச்சி முளைத்தது. (இங்கே 'ஃபேர்' என்றால் கண்காட்சி. நம்ம ஊர் 'ஃபேர்' வேற! அதுக்குப் பின்னால் வருகிறேன்.) சில வருஷத்தில் அதன் முழுப் பொறுப்பும் யூனிஸ் கைக்கு வந்தது.

பாரிசுக்கும் ரோமுக்கும் போய் இவ் செயின் லோரான், வாலென்டினோ போன்றவர்களின் ஆடைகளை விலை கொடுத்து வாங்குவார். கறுப்பினப் பெண் மேல் எங்கள் துணியா என்று தயங்கியவர்களும் உண்டு. பேசிப் பேசியே வாங்கி வருவார். பிறகு அவற்றைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, கறுப்பின மாடல்களோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றுவார்கள். ஆரம்ப வருஷங்களில் தென் மாநிலங்களில் அந்தப் பெண்களுக்குத் தங்க ஓட்டல் கிடைக்காது, சாப்பிட இடம் கிடைக்காது. மேடையில் பாரிஸ் உடை. இறங்கினால் 'உனக்கு இங்கே இடமில்லை' என்ற பலகை! அப்படித்தான் நடத்தினார்கள்.

டிக்கெட் வாங்கினால் பத்திரிகைச் சந்தாவும் சேர்ந்து வரும். வசூல் உள்ளூர்த் தர்ம காரியங்களுக்கும் கல்வி உதவிக்கும் போகும். 50 வருஷத்தில் இப்படித் திரட்டியது 5 கோடி டாலருக்கும் மேல். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்கார ஏற்பாடு!

மேடைக்குப் பின்னால்

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். நம் கல்லூரிக் கலைவிழாவில் மேக்கப் போட்டு மேடை ஏறியவர்களுக்கு இது உடனே புரியும். முகம் வெள்ளை, கழுத்து கறுப்பு! கீழேயிருந்து "டேய் சுண்ணாம்பு!" என்று ஒரு குரல் வராமல் இருக்காது. மேக்கப் போடுகிறவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் பெட்டியில் இருப்பதே இரண்டு மூன்று கலர். அதில் நம் கலர் இல்லை.

யூனிஸ் ஜான்சனின் மாடல்களுக்கும் அதே கதிதான். உலகத்திலேயே உயர்ந்த உடை கையில் இருக்கிறது, முகத்தில் பூச சரியான பவுண்டேஷன் இல்லை. அதனால் அந்தப் பெண்கள் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, கடையில் கிடைக்கிற இரண்டு மூன்று கலரைக் கலந்து, தேய்த்துப் பார்த்து, மறுபடி கலந்து, தங்கள் தோலுக்குப் பொருந்துகிற ஒரு நிறத்தைத் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். இதை யூனிஸ் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். 'அட, இந்தப் பொண்ணுங்க சாமர்த்தியசாலிங்கப்பா' என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போகாமல், 'இவர்கள் ஏன் கலக்க வேண்டியிருக்கிறது?' என்று கேட்டார். அந்தக் கேள்விதான் ஒரு கம்பெனி ஆனது.

இங்கே கொஞ்சம் நம் பாடம். பவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பவை முக்கியமாக நான்கே பொடிகள். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு மூன்று வகை இரும்பு ஆக்சைடு. வீட்டுச் சுவருக்கும் கேட்டுக்கும் அடிக்கிற பெயின்டில் இருக்கிற சமாச்சாரம்தான். இது சுத்தம் செய்த ரகம். இந்த நான்கையும் வேறு வேறு விகிதத்தில் சேர்த்தால் உலகத்தில் உள்ள பெரும்பாலான தோல் நிறங்களைக் கொண்டுவந்து விடலாம். வெள்ளைப் பொடி கூடிப்போனால் கறுத்த முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அதற்காகக் கறுப்பை மட்டும் கொட்டினால் சேறு பூசிய மாதிரி ஆகும். மஞ்சளும் சிவப்பும் அளவாகச் சேர வேண்டும். கவனமாகச் செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

ஆக, மூலப்பொருள் இருந்தது. மெஷின் இருந்தது. தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். வாங்குவதற்குப் பல லட்சம் பெண்கள் இருந்தார்கள். பொருள் மட்டும் இல்லை! ஏன்?

"மார்க்கெட் இல்லைங்க!"

ஜான்சன் தம்பதி முதலில் தாங்களே தயாரிக்க நினைக்கவில்லை. பெரிய அழகுசாதனக் கம்பெனிகளிடம் போய், எங்கள் நிறத்துக்கும் நாலு கலர் போடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் முன்வரவில்லை. கறுப்பினப் பெண்கள் இதற்கெல்லாம் எங்கே செலவு செய்யப் போகிறார்கள் என்பதுதான் அன்றைய வியாபார உலகத்தின் எண்ணம். இத்தனைக்கும், மேடம் சி. ஜே. வாக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி கூந்தல் சாதனங்களை விற்றே பெரும் பணக்காரராகி 1919-ல் காலமாகியிருந்தார். கண் முன்னே சாட்சி இருந்தும் கண் திறக்கவில்லை!

நண்பர்களே, 'மார்க்கெட் இல்லை' என்ற வாக்கியத்தை நாம் இனிமேல் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். கணக்கெடுத்துச் சொல்கிறவர்கள் சிலர். போய்ப் பார்க்காமலே சொல்கிறவர்கள்தான் அதிகம். யூனிஸ் ஜான்சனிடம் அந்தக் கம்பெனிகளிடம் இல்லாத ஒன்று இருந்தது. பத்திரிகை! மாதா மாதம் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களுக்குள் போய் வருகிற பத்திரிகை. வாசகிகள் என்ன படிக்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எதற்கு ஏங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு மேக்கப் செட்டைத் தபாலில் விற்றுப் பார்த்தார்கள். ஆர்டர் வந்தது. யூகம் கணக்காயிற்று.

1973-ல் 'பேஷன் ஃபேர் காஸ்மெட்டிக்ஸ்' பிறந்தது. முதலில் இடம் பிடித்தது எந்தக் கடையில் தெரியுமா? சிகாகோவின் பெரிய பல்பொருள் அங்காடியான மார்ஷல் ஃபீல்டில்! இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சந்துக் கடையில் ஒரு மூலையில் வைத்து விற்றிருந்தாலும் பணம் வந்திருக்கும். ஆனால் பாரிஸ் சென்ட் விற்கிற அதே தளத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில், ஒரு கறுப்பினப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, "என் கலருக்கு எது?" என்று கேட்க, விற்பனைப் பெண் எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம். அது மரியாதை. அரீத்தா ஃபிராங்க்ளின், லியன்டீன் பிரைஸ் போன்ற பாடகிகள் விளம்பரத்தில் வந்தார்கள். அமெரிக்காவைத் தாண்டி இங்கிலாந்து, பிரான்ஸ், ஆப்பிரிக்கா என்று சரக்கு போனது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1970-களின் நடுவிலேயே ரெவ்லான், ஏவான் போன்ற பெரிய கம்பெனிகள் கறுப்பினப் பெண்களுக்கென்று தனி வரிசை இறக்கின! இல்லாத மார்க்கெட்டுக்கு எதற்கய்யா இத்தனை அவசரம்?

அங்கே 1973, இங்கே 1975

சிகாகோவில் தோலுக்குப் பொருந்துகிற க்ரீம் வந்த இரண்டாவது வருஷம், 1975-ல் நம் நாட்டிலும் ஒரு க்ரீம் வந்தது. அதன் பெயரிலும் 'ஃபேர்' இருந்தது. ஃபேர் அண்ட் லவ்லி! அங்கே தோலைப் பார்த்து க்ரீமை மாற்றினார்கள். இங்கே க்ரீமை வைத்துத் தோலை மாற்றச் சொன்னார்கள். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. ஆறு வாரம் பூசினால் எல்லாம் கிடைக்கும் என்று டிவியில் கதை சொன்னார்கள். நம் அம்மாக்கள், அக்காக்கள் அந்தக் கதையைப் பார்த்தே வளர்ந்தார்கள். கறுப்புத்தான் அழகு என்று சினிமாவில் பாட்டு வைப்பார்கள். பாட்டில் ஆடுகிற கதாநாயகியை மட்டும் மும்பையிலிருந்து கூட்டி வருவார்கள்!

எதிர்ப்பும் நம் மண்ணிலிருந்தே வந்தது. 'கறுப்பு அழகு' என்ற பொருள்படும் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தை 2009-ல் ஆரம்பித்தது சென்னையில் உள்ள 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் தோள் கொடுத்தார். 2014-ல் விளம்பரத் தர அமைப்பு, கறுத்த நிறத்தவரைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020-ல் அந்தக் க்ரீமே 'ஃபேர்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியது. மனசு?

மாறவில்லை என்பதற்கு நம் விடுதி அலமாரிகளே சாட்சி. சாதாரணக் க்ரீமாவது பரவாயில்லை. தோல் வியாதிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஸ்டீராய்டு களிம்பை, வெளுப்பதற்காக மாதக்கணக்கில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பரு வெடித்து, வெயிலில் போனால் எரியும். விட்டால் இன்னும் மோசமாகும், அதனால் விடவும் முடியாது. 2018-ல் மத்திய அரசு இந்த மாதிரிக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததே இதனால்தான். தோழிகளே, தோழர்களே (ஆமாம், பையன்களும்தான் பூசுகிறார்கள்!), தயவுசெய்து நிறுத்துங்கள். தானாக நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள்.

"முதலாளிக்குக் கொடி பிடிக்கிறாயா?"

கட்டுரையைப் படித்துப் பார்த்த ஒரு நண்பன் கேட்டான்: "வெளுப்பு க்ரீம் விற்றாலும் வியாபாரம், கறுப்புக்குப் பவுண்டேஷன் விற்றாலும் வியாபாரம். பொம்பளைங்க முகத்தை வச்சு சம்பாதிக்கிறவங்கதானே ரெண்டு பேரும்?"

நியாயமான கேள்வி. யூனிஸ் ஜான்சனை நான் தெய்வமாக்கவில்லை. அதே எபனி பத்திரிகை 1950-களிலும் 60-களிலும் தோலை வெளுக்கச் செய்யும் க்ரீம் விளம்பரங்களை வாங்கிப் போட்டிருக்கிறது. காசுக்காகத்தான். அது ஒரு கறை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. ஒரு வியாபாரி, 'உன் முகத்தில் தப்பு, திருத்திக்கொள்' என்கிறான். இன்னொருவர், 'உன் முகத்தில் ஒரு தப்பும் இல்லை, கடை அலமாரியில்தான் தப்பு' என்று அலமாரியைத் திருத்துகிறார். இரண்டாவது ஆளிடம் பொருள் வாங்காமலே கூடத் தலை நிமிர்ந்து போகலாம். மேக்கப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கும் அந்த உரிமை சந்தோஷமாக உண்டு.

கதையின் முடிவு சுபம் என்றும் சொல்ல முடியாது. 2005-ல் ஜான், 2010 ஜனவரியில் யூனிஸ் காலமானார்கள். பெரிய கம்பெனிகள் பணத்தைக் கொட்டி அதே வாடிக்கையாளரை இழுத்தன. பேஷன் ஃபேருக்குச் சரக்கு போட முதல் இல்லை. கவுன்ட்டர்கள் காலியாகக் கிடந்தன. 2019-ல் ஜான்சன் நிறுவனம் திவாலானது. அங்கே முன்பு வேலை பார்த்த இரண்டு கறுப்பினப் பெண்கள் அந்த அழகுசாதனப் பிரிவை 18.5 லட்சம் டாலருக்கு வாங்கி, 2021-ல் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தார்கள். வழி போட்டவர் பின்தங்க, பின்னால் வந்தவர்கள் சுகமாகப் போவது தொழிலில் நடப்பதுதான். பாடகி ரிஹானா 2017-ல் 40 நிறங்களோடு 'ஃபென்டி பியூட்டி' ஆரம்பித்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. அதற்கு 44 வருஷம் முன்பே சிகாகோவில் பாதை போட்டாகிவிட்டது.

நமக்கு என்ன சம்பந்தம்?

"நான் மெக்கானிக்கல், எனக்கெதுக்குப்பா பவுண்டேஷன்?" என்று புரட்டப் போகிற நண்பா, ஒரு நிமிஷம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தோமே, அந்தக் கருவி தோல் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் அளக்கிறது. கறுப்பின நோயாளிகளிடம் அது ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடிக்கத் தவறியது, வெள்ளையரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதினார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம்களை 2018-ல் ஜாய் புவோலம்வினி என்ற ஆராய்ச்சியாளர் சோதித்தார். வெளுத்த ஆண்களிடம் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கறுத்த பெண்களிடம் ஒரு புரோகிராமில் 34-ஐத் தாண்டியது. எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் நண்பர்களே, இது உங்கள் டிபார்ட்மென்ட்! பவுண்டேஷன் பொருந்தாவிட்டால் கேலி பேசுவார்கள். கருவி பொருந்தாவிட்டால் உயிர் போகும்.

தயாரிக்கிற இடத்தில் நம்மைப் போல ஒரு ஆள் இல்லாவிட்டால், தயாராகிற பொருளில் நமக்கு இடமிருக்காது. பாலிடெக்னிக் படிக்கிற நாம்தான் நாளைக்கு ஷாப் ஃப்ளோரிலும் லேபிலும் நிற்கப் போகிறவர்கள். அதனால் மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: இறுதியாண்டு பிராஜக்ட்டை, போன வருஷத்து ரிப்போர்ட்டுக்கு அட்டை மாற்றி முடிக்காமல், நம்மைச் சுற்றி யார் எதைக் 'கலந்து' சமாளிக்கிறார்கள் என்று பார்த்து ஆரம்பிப்போம். குட்டையான பெண் எட்டாத லேத்தில் பலகை போட்டு நிற்கிறாளா? கேன்டீன் அக்கா மாவரைக்கும் மெஷினில் துணி சுற்றி வேலை பார்க்கிறாரா? அங்கே ஒரு பிராஜக்ட் இருக்கிறது. தொழில்முனைவோர் மன்றக் கூட்டத்தில் 'ஐடியா கிடைக்கலை சார்' என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இரண்டு: நம் கலைவிழாவுக்கோ இந்த மலருக்கோ, வெளுப்பு க்ரீம் விளம்பரம் ஒரு பக்கம்கூட வாங்குவதில்லை என்று பேரவை தீர்மானம் போட வேண்டும். வருமானம் கொஞ்சம் குறையும். குறையட்டும். டிக்கெட்டில் இரண்டு ரூபாய் கூட்டிக்கொள்வோம்.

மூன்று: முதலாண்டில் வந்து சேரும் தம்பி தங்கைகளுக்கு நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டும் வழக்கத்தை இந்த வருஷத்தோடு மூட்டை கட்டுவோம். சொல்கிறவனுக்கு அது ஜோக். கேட்கிறவன் மூன்று வருஷம் சுமக்கிறான். அதில் சிலர்தான் அந்தக் களிம்பு டியூபைத் தேடிப் போகிறார்கள்.

பேரவைத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளர்கள் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லட்டும். சொல்லாதவருக்கு என் ஓட்டு இல்லை. உங்கள் ஓட்டு?